ஊட்டி காந்தல் உறைபனியில் தொடங்குங்கள்: குளிர்கால இமயத்துக்குப் போகும் முன் பனிச்சரிவுக்குத் தயாராவது எப்படி

மலைச்சரிவில் சேர்ந்த பனி மொத்தமாகக் கழன்று இறங்குவதைத்தான் பனிச்சரிவு என்கிறோம். நீலகிரியில் அது கிடையாது. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. டிசம்பர் பிறந்தால் கோத்தகிரி, குன்னூர்ப் பையன்கள் உத்தராகண்டில் பனியில் மலையேற கேதார்காந்தா, பிரம்மதால் என்று கிளம்பிவிடுகிறார்கள். போவதற்கு முன்னால் என்னிடம் வந்து கேட்பதெல்லாம் ஷூ என்ன கம்பெனி, ஜாக்கெட் என்ன விலை என்பதுதான். பனிச்சரிவு பற்றிக் கேளுங்களேன் என்றால், "அண்ணா, மலையிலேயே பொறந்து வளர்ந்தவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்பார்கள்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்டு ஆபிசர். உத்தரகாசியில் மலையேற்ற அடிப்படைப் பயிற்சி முடித்தவன். ஜனவரியில் கொழுந்து வரத்து குறையும்போது லீவு கிடைக்கும், அப்போது வடக்கே போவேன். மலையில் வளர்ந்தவர்களுக்குக் கால் பலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மலையைப் பற்றி நம் உடம்பில் ஊறிய சில கணக்குகள் பனிமலையில் தலைகீழாகிவிடும்.

முதல் கணக்கு வானம். நமக்கு ஆபத்து என்றால் மழை. 2009 நவம்பரில் கேத்தி, அச்சனக்கல் என்று பல இடங்களில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்ததை நீலகிரியில் யாரும் மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதும் அப்படித்தான். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தால் நாம் மூச்சு விடுவோம், ரோட்டை ஒதுக்க ஜேசிபி வரும், அவ்வளவுதான். பனிமலையில் புயல் ஓய்ந்து வானம் நீலமாகத் தெளியும் முதல் நாள்தான் மோசமான நாள். முந்தின இரவு விழுந்த பனி இன்னும் அடிப்பனியோடு ஒட்டியிருக்காது. காற்று அதைக் கொண்டுபோய் ஒரே பக்கம் குவித்திருக்கும். பொழுது விடிந்ததும் வெயில் வேறு ஏறும். கூடாரத்துக்குள் அடைபட்டுக் கிடந்தவர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் கேமராவோடு வெளியே வருவார்கள்.

பலத்த பனிப்பொழிவுக்குப் பிறகு குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், செங்குத்தான சரிவுப் பக்கம் போகாதீர்கள். ஒரே நாளில் 30 சென்டிமீட்டர் விழுந்தது என்றால் அதைப் பெரிய எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். இமயத்தில் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு என்கிற வானிலை அமைப்பு. 'மேற்கத்திய இடையூறு நெருங்குகிறது' என்று வானிலை அறிக்கையில் கண்டால், அது வரும் நாளோடு போய்விட்ட பிறகு வரும் இரண்டு நாளையும் சேர்த்தே குறித்துவையுங்கள்.

சரி, இனி இங்கேயே செய்யக்கூடிய பயிற்சிகள். முக்கியமானது சரிவின் கோணம். பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிச் சரிவில்தான் கிளம்புகின்றன. 30-க்குக் கீழே தானாகக் கிளம்புவது அபூர்வம். 50-ஐத் தாண்டினால் பனி பெரிதாகச் சேர்வதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். 30-க்கும் 45-க்கும் நடுவில் இருக்கிற அந்தப் பதினைந்து டிகிரிதான் ஏறுவதற்கு ஆசையாகவும் சறுக்குவதற்கு ஜோராகவும் இருக்கும் என்பது இதில் உள்ள வில்லங்கம். இந்த ஒரு விஷயத்தைக் கண்ணால் பிரித்தறியத் தெரிந்தவருக்கு மீதியெல்லாம் கூடுதல் லாபம்.

கண் சும்மா பழகாது, அளக்க வேண்டும். ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு நேரான குச்சிகள் எடுத்துக்கொள்ளுங்கள். சில்வர் ஓக் கிளையே போதும். ஒன்றில் கீழிருந்து 47, 58, 70, 84 சென்டிமீட்டரில் கலர் டேப் சுற்றுங்கள். அதைச் சரிவில் செங்குத்தாக நிறுத்துங்கள். இன்னொன்றைப் படுக்கைவாட்டில் பிடித்து, ஒரு முனை மேட்டுப் பக்கச் சரிவையும் மறுமுனை நிற்கும் குச்சியையும் தொடும்படி வையுங்கள். சமமாகப் படுத்திருக்கிறதா என்று பார்க்க, பாதி தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டிலை அதன்மேல் கிடத்தினால் போதும். 47-இல் தொட்டால் 25 டிகிரி, 58-இல் 30, 70-இல் 35, 84-இல் 40, உச்சியில் தொட்டால் 45. போனில் கோணம் காட்டும் ஆப் உண்டுதான். ஆனால் மைனஸ் பத்தில் பேட்டரி சட்டென்று இறங்கும், கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். மலையேற்றக் கோல்களில் இதே விகிதத்தில் டேப் சுற்றிக்கொண்டால் அங்கேயும் உதவும். 120 சென்டிமீட்டர் கோல் என்றால் 30 டிகிரிக்கு 69, 35 டிகிரிக்கு 84.

அளப்பதற்கு முன் மனதில் ஒரு எண்ணைச் சொல்லிக்கொள்ளுங்கள், பிறகு அளங்கள். இந்த வரிசைதான் பயிற்சியே. தேயிலைச் சரிவைக் காட்டிக் கேட்டால் புதிதாக வருகிறவர்கள் 50, 60 என்று அள்ளிவிடுவார்கள். அளந்தால் முப்பதைத் தாண்டாது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஒரு கோணமாகவும், மேலே நின்று குனிந்து பார்த்தால் வேறாகவும் தெரியும், இரண்டையும் எழுதிவையுங்கள். வீட்டுப் படிக்கட்டையும் அளக்கலாம். ஏழு அங்குல உயரம், பத்து அங்குல மிதி உள்ள படி சரியாக 35 டிகிரி. நாலு சனிக்கிழமை இப்படிச் சுற்றினால் கண்ணுக்கும் குச்சிக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிக்குள் வந்துவிடும்.

நீங்கள் நிற்கும் இடம் 15 டிகிரியாக இருக்கலாம். தலைக்கு மேலே 38 டிகிரிச் சரிவு இருந்தால் அதுதான் உங்கள் கோணம். மேலே கிளம்பியது சமதளம் வரை வந்துதான் நிற்கும். மண்சரிவில் நாம் அறிந்த விஷயம்தான் இது. ஓடையோரம் வீடு கட்டாதே என்று பெரியவர்கள் சொல்வார்களே, பனியிலும் பள்ளத்தாக்கின் அடியிலும் ஓடைத் தடத்திலும் கூடாரம் போடக் கூடாது.

வரைபடத்தில் பார்க்கத் தெரிந்தால் வீட்டிலிருந்தே பாதி வேலை முடியும். 1:50,000 அளவுள்ள சர்வே ஆஃப் இந்தியா வரைபடத்தில் சமஉயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர் என்றால், இரண்டு கோடுகளுக்கு நடுவே 0.7 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும் இடமெல்லாம் 30 டிகிரியைத் தாண்டியது. 40 மீட்டர் என்று போட்டிருந்தால் 1.4 மில்லிமீட்டர். நீலகிரி வரைபடத்தை வைத்துக்கொண்டு, தெரிந்த இடங்களில் கணக்குப் போட்டு, நேரில் போய்க் குச்சியால் சரிபாருங்கள்.

இரண்டாவது பயிற்சிக்கு ஜனவரியில் விடியற்காலை எழுந்திருக்க வேண்டும். காந்தல், தலைகுந்தா மாதிரித் தாழ்வான புல்வெளிக்கு ஆறு மணிக்குப் போங்கள். முந்தின இரவு மேகமும் காற்றும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். கறுப்பு சார்ட் அட்டைத் துண்டும், சின்ன லென்ஸும் கொண்டுபோங்கள். தேயிலை இலையில் சிவப்புச் சிலந்தி பார்க்க நாங்கள் பாக்கெட்டில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ரொம்பத் தோது. புல்லின் மேல் இரண்டு விதம் தெரியும். ஒன்று நீர்ப்பனி துளியாக நின்று உறைந்தது, கண்ணாடி மணி போல உருண்டையாக இருக்கும். அதை விடுங்கள். இன்னொன்று வெள்ளையாக, புல் விளிம்பில் நட்டுக்குத்தலாக நிற்கும். அதை அட்டையில் தட்டி லென்ஸில் பாருங்கள். ஓரத்தில் படிப்படியாக வரி விழுந்த தட்டையான இதழ்கள் தெரியும். காற்றிலுள்ள ஈரம் நீராகாமலே நேரே பனிக்கட்டியாகப் படிந்தது அது. மூச்சுக்காற்று பட்டாலே போய்விடும், ஆகவே முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இமயத்திலும் தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் பனிப்பரப்பின் மேல் இதே இதழ்கள் முளைக்கும். காலையில் வெயிலில் மினுமினுக்கும், போட்டோவுக்கு அழகாக இருக்கும். அன்றைக்கே வெயிலோ காற்றோ அதை அழித்துவிட்டால் பிரச்சினை இல்லை. வடக்கு பார்த்த நிழல் சரிவில் அது அழியாமல் நிற்க, அதன்மேல் புதுப்பனி விழுந்து மூடிவிட்டால், மேலே கனமான அடுக்கு, கீழே பழைய பனி, நடுவே நட்டுக்குத்தலாக நிற்கும் இந்த இதழ்கள். வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். ஒருவர் காலை வைத்ததும் இதழ்கள் மடிந்து, மேல் அடுக்கு முழுப் பலகையாகக் கழன்று போகும். பலகைப் பனிச்சரிவு என்பது இதுதான். மனிதர்கள் மாட்டிக்கொள்கிற பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பதைக் கிளப்பிவிடுவது மாட்டிக்கொண்டவரோ அவரோடு வந்தவரோதான்.

நம் ஊரில் உறைபனி ஏன் பள்ளத்தில் விழுகிறது, மேட்டுத் தேயிலை ஏன் தப்பிக்கிறது என்று எந்தத் தோட்டத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்வார். குளிர்காற்று கனம், இரவில் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் பள்ளத்துச் செடிகளுக்கு மலார்த் தழை போட்டு மூடுகிறோம். மேகம் இருந்த இரவில் விழாது என்பதும் நமக்குத் தெரியும். இந்த அறிவை அப்படியே வடக்கே எடுத்துப் போகலாம். புதுப்பனி விழுவதற்கு முந்தைய இரவுகள் தெளிவாகவும் அமைதியாகவும் இருந்தனவா என்று உள்ளூர் வழிகாட்டியிடம் கேளுங்கள். 'ஆமாம்' என்றால், காற்றுப் படாத நிழல் சரிவுகளை அன்றைய கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொரு பலவீன அடுக்கும் உண்டு. டிசம்பரில் பனி ஆழமில்லாமல் இருக்கும்போது தரைப்பக்கம் பூஜ்யம் டிகிரி, மேலே மைனஸ் பதினைந்து என்று இருந்தால், இடைப்பட்ட பனி நாளாவட்டத்தில் ஒட்டாத குருணையாக மாறிவிடும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை பிடிக்க வராது, ரவை மாதிரி விரலிடுக்கில் ஒழுகும். 'பனி கம்மியாத்தான் இருக்கு, பயமில்லை' என்று டிசம்பரில் யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பனியைக் குடைந்து குழி வெட்டி அடுக்குகளைச் சோதிக்கும் முறையும் இருக்கிறது, பயிற்சிப் பள்ளிகளில் சொல்லித் தருவார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. ஒரு குழி நன்றாக வந்துவிட்டால் மலையே நன்றாக இருக்கிறது என்று தைரியம் வந்துவிடும், பத்தடி தள்ளி வேறு மாதிரி இருக்கும். கோணத்தைப் பாருங்கள், போதும்.

காற்றைப் படிக்க தொட்டபெட்டா சரிவுகளே போதும். மேட்டைத் தாண்டி மூடுபனி வழியும்போது கவனியுங்கள். ஏறும் பக்கத்தில் வேகமாக ஓடும், மறுபக்கம் இறங்கியதும் சுருண்டு மெதுவாகும். பனிமலையில் காற்று தூக்கிவந்த பனியை இறக்கிவைப்பது இந்த மறுபக்கத்தில்தான். ஒரு சொட்டுப் பனி விழாத நாளிலும் காற்று மட்டுமே ஒரு சரிவை ஆபத்தாக்கிவிடும். முகட்டின் விளிம்பில் பனி தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டிருந்தால் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதன்மேலும் நிற்காதீர்கள், அடியிலும் நிற்காதீர்கள்.

நடக்கும்போது மூன்று அறிகுறிகள் தெரிந்தால் பேச்சே இல்லை, திரும்பிவிட வேண்டும். அதே மாதிரிச் சரிவில் புதிதாகப் பனி சரிந்த தடம். காலடியிலிருந்து ஓடும் விரிசல். மூன்றாவது, 'வும்' என்று அடிவயிற்றில் கேட்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு காலடிப் பனி லேசாக அமுங்குவது. பலவீன அடுக்கு நொறுங்கும் சத்தம் அது. சரிவைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் ஒருவர் பின் ஒருவராக, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் போக வேண்டும், மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவர்மேல் கண் வைத்திருக்க வேண்டும். பையின் இடுப்புப் பட்டையைத் தளர்த்துங்கள், கோலின் கைவாரை மாட்டாதீர்கள். இதை நம் ஊரில் நடக்கும்போதே பழக்குங்கள். வனத்துறை அனுமதியோடு அவலாஞ்சியிலிருந்து கோலாரிபெட்டா போகிற வழியில் புல்சரிவுகள் வரும். அங்கே ஒவ்வொருவராகக் கடந்து பாருங்கள். ஆறு பேர் கொண்ட குழு அரட்டை அடிக்காமல் இடைவெளி விட்டு நடக்க எவ்வளவு நாள் ஆகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

புதைந்துவிட்டால்? பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கிற வாய்ப்பு நன்றாக இருக்கும், அதற்குப் பிறகு மளமளவென்று இறங்கிவிடும். ஹெலிகாப்டர் வருவதற்குள் நேரம் முடிந்திருக்கும், கூட இருப்பவர்தான் காப்பாற்ற முடியும். அதற்கு மூன்று பொருள் வேண்டும்: 457 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் அனுப்பவும் புதைந்தவரின் சிக்னலைப் பிடிக்கவும் உதவும் டிரான்ஸீவர், பனியில் குத்திப் பார்க்க இரண்டரை மூன்று மீட்டருக்கு நீளும் மடக்குக் கம்பி, உலோக மண்வெட்டி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டால் பெரிய பலன் இல்லை. விழுந்த பனி நின்றதும் இறுகிவிடும், கையால் தோண்ட முடியாது.

தேடும் பயிற்சியை எங்கள் தோட்டத்தில் கவாத்து வெட்டிய குச்சிக் குவியலில் செய்வோம். டிரான்ஸீவரைச் சாக்கில் சுற்றி ஒருவர் ஒளித்து வைப்பார், மற்றவர்கள் தேட வேண்டும். தேடுகிறவர் போனை அணைத்துவிட வேண்டும், குறைந்தபட்சம் கருவியிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் குழம்பும். கருவி மிகக் குறைந்த எண் காட்டும் இடத்தில் ஆரம்பித்து, 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்தாகச் சுருள் வடிவில் கம்பியை இறக்குங்கள். தட்டுப்பட்டதும் கம்பியை உருவாதீர்கள். அப்படியே விட்டுவிட்டு, சரிவில் கொஞ்சம் கீழே தள்ளி நின்று பக்கவாட்டில் தோண்டிப் போங்கள். நேர் மேலே நின்று தோண்டினால் கீழே இருப்பவருடைய மூச்சுக்கான கொஞ்ச இடத்தையும் மிதித்து நசுக்கிவிடுவீர்கள். சிக்கிக்கொண்டவர் செய்யக்கூடியது குறைவு: கத்த வேண்டும், கோலை எறிய வேண்டும், பக்கவாட்டில் வெளியேறப் போராட வேண்டும், வேகம் குறையும்போது முகத்துக்கு முன்னால் கையை மடக்கி இடம் பிடிக்க வேண்டும்.

இந்தப் பதினைந்து நிமிடக் கணக்கைச் சொன்னால் யாராவது சியாச்சின் பனிச்சரிவைச் சொல்வார்கள். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால் அந்தக் கதை இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி அந்த ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்டு, பிப்ரவரி 11-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்தார். கூடாரத்துக்குள் இருந்த காற்று அவருக்குக் கிடைத்தது. மற்ற ஒன்பது பேரும் பிழைக்கவில்லை. வெட்டவெளியில் நடந்துகொண்டிருக்கிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அனுபவசாலிகளுக்கு ஆகாது என்றும் நினைக்க வேண்டாம். 2022 அக்டோபர் 4-ஆம் தேதி திரௌபதி கா தண்டா சிகரத்தில் சிக்கியது உத்தரகாசிப் பயிற்சி நிறுவனத்தின் குழுதான். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 29 பேர்.

குளிரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைனஸ் பத்து டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 21 மாதிரி இருக்கும். ஊட்டிக் குளிருக்குப் பழகிய ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் காற்றைத் தடுக்காது, மேலே காற்றுப் புகாத ஒரு உறை வேண்டும். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம், வேர்வையில் நனைந்தால் காயாது. உயரத்துக்கு நமக்குச் சலுகை உண்டு என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637. கேதார்காந்தா ஏறக்குறைய 3,800. அதிலும் கோயம்புத்தூரில் இறங்கி, இரண்டு நாள் ரயிலில் சமவெளியில் கிடந்துவிட்டுத்தான் போகிறோம்.

பணம் கட்டும் முன் அழைத்துப் போகிறவர்களிடம் சிலவற்றைக் கேளுங்கள். வழியில் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகள் எவை, அவற்றைச் சுற்றிப் போக மாற்று வழி உண்டா? டிரான்ஸீவர், கம்பி, மண்வெட்டி ஆளுக்கு ஒன்று தருவார்களா? சண்டிகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் பனி ஆய்வு நிறுவனம், டிஜிஆர்இ, குளிர்காலத்தில் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையைப் பார்ப்பார்களா? பல நாடுகளில் பயன்படும் பனிச்சரிவு ஆபத்து அளவுகோல் 1 முதல் 5 வரை. 3 என்றால் நடுவில்தானே இருக்கிறது என்று கிளம்பாதீர்கள். 5 என்று சொல்லிவிட்டால் யாரும் வெளியே வரமாட்டார்கள், ஐரோப்பாவில் அதிகம் பேர் சாவது 3-இல்தான். பாதியில் திரும்பினால் எவ்வளவு பணம் திரும்பி வரும் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். பைசா திரும்பாது என்கிற இடத்தில், திரும்பலாமா என்ற பேச்சு வரும்போது குழுவில் எல்லாருமே 'இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்' என்பார்கள்.

ரிட்டர்ன் டிக்கெட்டுக்கும் இதே கதைதான். கடைசி நாளன்றே டெல்லியில் ரயில் பிடிக்கிற மாதிரி புக் செய்தால், புயலுக்குப் பிறகு காத்திருக்க வேண்டிய அந்த இரண்டு நாள் உங்களிடம் இருக்காது. அந்த இரண்டு நாளைச் சேர்த்துப் புக் செய்யுங்கள். பனி விழாவிட்டால் டேராடூனில் ஊர் சுற்றலாம்.